முந்திக் குடியேறியோர்: காய்கறிப் பயிரின் வேர்நோயும் மண்ணுயிர்களும் பற்றிய வரலாறு

உழவின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் ஏரையும் ஏற்றத்தையும், குளத்தையும் வாய்க்காலையும், நிலவரியையும் நில உடைமையையும் விரித்துரைத்தனர். மண்ணுக்குள்ளே கண்ணுக்குத் தோன்றாது நிகழும் போரை வரலாற்றுப் பொருளாகக் கொண்டோர் மிகச் சிலரே. ஆயினும் அப்போரின் முடிவைக் கமக்காரர் எக்காலமும் கண்டே வந்துள்ளனர். விதையிட்ட பத்துப் பன்னிரண்டு நாளில், முதல் நாள் மாலையில் நிமிர்ந்து நின்ற கத்தரி நாற்றும் மிளகாய் நாற்றும் மறுநாட் காலையில் அடித்தண்டு மெலிந்து, நீர் கோத்து, பாயிற் சாய்ந்தாற்போலச் சரிந்து கிடக்கும். மேடையின் ஒரு மூலையிலே தொடங்கும் இவ்வழிவு மூன்று நாளில் வட்டமாகப் பரவிவிடும். தண்ணீர் மிஞ்சிவிட்டது என்பார் ஒருவர். எரு பச்சையாக இருந்தது என்பார் வேறொருவர். இருவர் கூற்றிலும் உண்மையுண்டு. எனினும் கொலையாளி தண்ணீருமன்று, எருவுமன்று.

கொலையாளிகளை இனங்கண்டது பத்தொன்பதாம் நூற்றாண்டு. பியூசேரியம் ஒக்சிஸ்போரம் என்னும் பங்கசை 1824 இல் ஷ்லெக்ரெண்டால் விவரித்தார். உருளைக்கிழங்கிற் காணப்படும் ரைசொக்ரோனியா சொலானியை யேர்மனியரான யூலியஸ் கியூன் 1858 இல் வெளியிட்டார். நாற்றழுகலை உண்டாக்கும் பித்தியத்தின் ஓரினத்துக்கு 1874 இல் எசெ பெயரிட்டார். (பித்தியம் மெய்யான பங்கசன்று, அல்காக்களுக்கு உறவான வேறொரு குலத்தது என்பது இக்கால முடிபு, வரலாற்றில் அது பங்கசுகளோடு சேர்த்தே பேசப்பட்டமையால் நாமும் அவ்வாறே பேசுவோம்.) 1892 இல் அமெரிக்காவின் புளோரிடாவிலே தக்காளிச் செடிகளை வீழ்த்திய நோயை றொல்ப்ஸ் கண்டார். கடுகுபோன்ற உருண்டை வித்துக்களை மண்ணில் விட்டுச்செல்லும் அப்பங்கசு பின்னர் அவர் பெயராலேயே ஸ்கிளரோசியம் றொல்ப்ஸியை என வழங்கலாயிற்று.

பகைவனை அறிந்தபின் அவனை எவ்வாறு வெல்வது என்பதே வினா. மண்ணிலே வாழும் பிற நுண்ணுயிர்களே இவற்றுக்குப் பகையாக நிற்கும் என்னும் உண்மை கடந்த ஒரு நூற்றாண்டினுள் பலமுறை கண்டறியப்பட்டது. அத்தனை முறையும் ஏறக்குறைய மறக்கவும் பட்டது. ஏன் மறக்கப்பட்டது என்பதற்கு ஒரு காரணம் உண்டென்பது என் கருத்து. அந்நுண்ணுயிர்களை மருந்தெனக் கருதியவர்கள் தோற்றனர். குடியேறிகள் எனக் கருதியவர்கள் வென்றனர். இடம் காலியாக இருக்கும்போது முந்தி வந்து அமர்ந்தால் அவை காக்கும்; பகைவன் அமர்ந்தபின் வந்தால் பெரும்பாலும் காக்கமாட்டா. இதனை நிகழ்ச்சிகளின் வழியே நோக்குவாம்.

1921 இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வேளாண்மைத் திணைக்களத்தைச் சேர்ந்த கார்ல் ஹார்ட்லி, காட்டுமர நாற்றுமேடைகளிற் காணப்படும் நாற்றழுகலைப் பற்றி ஒரு நீண்ட அறிக்கை வெளியிட்டார். நீராவியாற் சுட்ட மண்ணிலே பித்தியத்தை இட்டு, அதனோடு பதின்மூன்று வகைப் பங்கசுகளையும் சேர்த்து, அவற்றுட் சில நாற்றைக் காப்பதைக் கண்டார். பயிர்நோய் ஒன்றைத் தடுப்பதற்காகத் தெரிந்தெடுத்த நுண்ணுயிரை மண்ணில் வேண்டுமென்றே இட்ட முதல் முயற்சி இதுவெனப் பிற்கால ஆசிரியர் கூறுவர். நாற்று பைன் மர நாற்றேயாயினும் நோய் நம் மிளகாய் நாற்றின் நோயே.

ஐந்தாண்டு கழித்துக் கனடாவிலே சான்போர்ட் என்பவர், பசுந்தாட் பசளை இட்ட நிலத்தில் உருளைக்கிழங்கின் சொறிநோய் குறைவதற்குக் காரணம் பசளையை உண்டு பெருகும் பிற நுண்ணுயிர்களே என்றார். அடுத்த ஆண்டு, அதாவது 1927 இல், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து மில்லாட், ரெயிலர் என்னும் இருவர் நோய் செய்யாத உறவினம் ஒன்றைக் கிருமிநீக்கிய மண்ணில் நோய்க்கிருமியோடு சேர்த்திட்டு, சொறி குறைவதைக் காட்டினர். கிருமி நீக்காத இயல்பு மண்ணிலே அத்துணைப் பயன் கிட்டவில்லை. இவ்வேறுபாட்டை அக்காலத்தார் ஒரு குறையாகவே கொண்டனர். உண்மையில் அதுவே விடையின் பாதி.

மற்றப் பாதியை 1931 இல் கனடாவின் அல்பேர்ட்டாப் பல்கலைக்கழகத்து ஹென்றி காட்டினார். கோதுமையின் அடியழுகற் பங்கசைக் கிருமிநீக்கிய மண்ணில் இட்டபோது நோய் கடுமையாக இருந்தது. அதே மண்ணிற் கிருமிநீக்காத மண்ணைச் சிறிதளவு கலந்தவுடன் நோய் தணிந்தது. எந்தத் தனி நுண்ணுயிரையும் அவர் தேர்ந்தெடுத்து வளர்க்கவில்லை. ஒரு பிடி சாதாரண மண்ணே போதுமானதாயிற்று. மிக எளிய இப்பரிசோதனையை இத்துறையின் மிக அழகிய பரிசோதனையாக நான் கருதுகிறேன். சான்போர்டும் புரோட்புட்டும் கோதுமையின் வேர்நோய் பற்றி எழுதிய கட்டுரை வந்ததும் அதே ஆண்டிலே. பயிர்நோய் நூல்களில் 'உயிரியற் கட்டுப்பாடு' என்னும் தொடர் அதிலிருந்தே வழங்கத் தொடங்கிற்று.

இனி இவ்வரலாற்றின் நடுநாயகமான நிகழ்ச்சிக்கு வருவோம். கலிபோர்ணியாவின் றிவர்சைட் நகரிலே தோடை, எலுமிச்சை முதலியவற்றுக்கென அமைந்த ஆராய்ச்சி நிலையத்தில் றிச்சாட் வைன்ட்லிங் என்பவர் நாற்றழுகலை ஆராய்ந்துகொண்டிருந்தார். ரைசொக்ரோனியாவை வளர்த்த தட்டுக்களிலே பச்சை நிறப் பங்கசு ஒன்று புகுந்து, தன் இழைகளை ரைசொக்ரோனியாவின் இழைகளின்மீது கொடிபோலச் சுற்றி, அதனை உருக்குலையச் செய்வதை அவர் நுணுக்குக்காட்டியிற் கண்டார். அதற்கு ரைக்கோடேர்மா எனப் பெயர் கூறி 1932 இல் அதனை வெளியிட்டார். ஒரு பங்கசு மற்றொரு பங்கசைத் தின்பது அன்று புதுமையாகத் தோன்றியது.

ஆனால் வைன்ட்லிங் அத்தோடு நிற்கவில்லை. 1934 இல் அப்பங்கசு வளர்ந்த நீரிலே கொல்லும் தன்மையுடைய ஒரு பொருள் உளதென்றார். 1936 இல் எமர்சனோடு சேர்ந்து அதனைப் பளிங்காகப் பிரித்தெடுத்தார். அதுவே பின்னர் கிளையோரொக்சின் எனப் பெயர்பெற்றது. அதே ஆண்டில் போசெற் என்பவரோடு சேர்ந்து, நாற்றுமேடை மண்ணை அமிலத்தன்மையுடையதாக்கினால் ரைக்கோடேர்மா பெருகி ரைசொக்ரோனியா அடங்குமெனவும் காட்டினார். ஆக ஒரே ஆண்டில், ஒரே மனிதர், இரு பாதைகளையும் திறந்துவைத்தார்: ஒன்று, உயிரினின்று நஞ்சைப் பிரித்தெடுக்கும் பாதை, மற்றொன்று, உயிர் வாழ்வதற்கேற்ற இடத்தை மண்ணில் ஆக்கும் பாதை. உலகம் எதனைத் தெரிந்துகொண்டது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. பெனிசிலினும் ஸ்ரெப்ரோமைசினும் புகழ்பெற்ற காலம் அடுத்து வந்தது. மண்ணுயிர்களை ஆராய்ந்த வக்ஸ்மன் 1952 இல் நோபெல் பரிசு பெற்றார். கிளையோரொக்சினையும் மருந்தாக்க முயன்றனர். விலங்குகளுக்கும் அது நஞ்சாயிருந்தமையால் கைவிட்டனர். அதனோடு அதனைச் சுரந்த பங்கசும் மறக்கப்பட்டது. நஞ்சு பயன்படாவிடின் நஞ்சைச் சுரப்பதும் பயன்படாது என்னும் அளவை தருக்க நூலிற் செல்லாது. ஆய்வுகூடங்களிலே நெடுங்காலம் சென்றது.

விதிவிலக்காகச் சிலர் இருந்தனர். இங்கிலாந்திலே ஜே. எம். ரைட் என்பவர் 1956 இல், ரைக்கோடேர்மா பூசி விதைத்த பயற்று விதைகளின் தோலுக்குள்ளேயே அந்நஞ்சு சுரப்பதைக் காட்டினார். அதாவது, தோட்டம் முழுவதும் தெளிக்கவேண்டிய நஞ்சை விதையின் வாயிலிலே காவல் வைத்தாற்போல ஓர் உயிர் தானே ஆக்கித் தருகிறது.

வைன்ட்லிங்கின் பங்கசைப் பற்றி ஒரு சுவையான செய்தி உண்டு. 1964 இல் வெப்ஸ்ரர், லோமஸ் இருவரும், அது அவர் கூறிய இனமன்று, கிளையோகிளேடியம் வைரென்ஸ் என்னும் வேறோர் இனமாக இருத்தல்வேண்டுமென்று எழுதினர். 1987 இல் அந்தக் கிளையோகிளேடியமே ரைக்கோடேர்மாப் பேரினத்துள் மாற்றப்பட்டது. பிழையாகச் சூட்டிய பெயர் ஐம்பத்தைந்து ஆண்டுக்குப்பின் பாதி சரியாயிற்று!

பெருந்தோட்டங்களிலே இதற்கிடையில் வேறொரு முறை வேரூன்றியது. முதல் உலகப் போரில் நச்சுவாயுவாகப் பயன்பட்ட குளோரோபிக்ரின் போருக்குப்பின் மண்ணைச் சுத்தஞ்செய்யும் வாயுவாகியது. ஹவாய்த் தீவின் அன்னாசித் தோட்டங்களில் அது புகழ்பெற்றது. பின்னர் மீதைல் புரோமைட்டு வந்தது. பிளாத்திக்குத் தாளால் மூடி வாயுவைச் செலுத்தினால் பங்கசு, புழு, களை விதை யாவும் மாளும். முதற் பருவ விளைச்சல் வியக்கத்தக்கதாக இருக்கும். ஆனால் யாவும் மாண்ட மண் காலி மண். அயற்பாத்தியிலிருந்து ஒரு மண்வெட்டியின் நுனியில் ஒட்டிவந்த ரைசொக்ரோனியா, தடுப்பாரற்ற அந்நிலத்தில், முன்னிருந்ததினும் விரைந்து பரவிற்று.

இதனை நன்குணர்ந்தவர் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்துக் கென்னெத் பேக்கர். நாற்றுப் பண்ணைகளுக்கென அவர் பதிப்பித்த கைந்நூல் 1957 இல் வெளிவந்தது. கொதிநீராவி 100 பாகைச் சூட்டில் நண்பனையும் பகைவனையும் ஒருங்கே கொல்வதைக் கண்ட அவர், நீராவியோடு காற்றைக் கலந்து 60 பாகைச் சூட்டில் அரை மணி நேரம் செலுத்தும் முறையைப் பரப்பினார். அச்சூட்டிலே நோய்ப் பங்கசுகள் மாளும். பசிலசு முதலிய பற்றீரியாக்களின் வித்திகள் தப்பும். தப்பியவை காலி நிலத்தை முந்திக் கைப்பற்றிக்கொள்ளும். அவுஸ்திரேலியாவின் பற்றீசியா புரோட்பென்ற் பேக்கரோடு சேர்ந்து 1971 இல் வெளியிட்ட ஆராய்ச்சியும் இவ்வழியினதே. அழிந்துகொண்டிருந்த ஸ்கிளரோசிய இழையிலிருந்து பெற்ற ஏ-13 என்னும் பசிலசு, காரட் விதையிற் பூசியபோது விளைச்சலை உயர்த்தியதென்பது பின்னர் அங்குத் தெரியவந்தது.

காய்கறியை விட்டுச் சற்று விலகி ஒன்று கூறவேண்டும். ஏனெனில் அது நம் நாட்டோடு தொடர்புடையது. பேராதனையில் நெடுங்காலம் பங்கசியல் அறிஞராயிருந்த தொமஸ் பெற்ச் தேயிலை, றப்பர் ஆகியவற்றின் நோய்களைப் பற்றி எழுதிய நூல்களிலே, காடழித்த நிலத்தில் விடப்பட்ட அடிக்கட்டைகளே வேர்நோயின் ஊற்று என்று எச்சரித்தார். அடிக்கட்டையைத் தோண்டியெறிதல் பெருஞ் செலவு. ஆபிரிக்காவின் நியாசலாந்துத் தேயிலைத் தோட்டங்களில் லீச் என்பவர் முப்பதுகளின் இறுதியில் வேறு வழி கண்டார். மரத்தை வெட்டுமுன் அதன் பட்டையை வளையமாக உரித்துவிட்டால் வேரிலுள்ள மாப்பொருள் குறையும். அவ்வேரைத் தீங்கற்ற மக்குப் பங்கசுகள் முதலிற் பற்றிக்கொள்ளும். நோய்ப் பங்கசு வந்து பார்க்கையில் வீடு நிறைந்திருக்கும். பின்னர் பிரித்தானியாவில் றிஷ்பெத், வெட்டிய பைன் அடிக்கட்டையின் முகத்திலே தீங்கற்ற பங்கசின் வித்திகளைப் பூசி இதனையே செய்தார். முந்தியவர்க்கே இடம் என்பதற்கு இவற்றினும் தெளிந்த சான்று வேண்டுமா?

இக்கருத்தைக் கொள்கையாக வகுத்தவர் கரெற். அவுஸ்திரேலியாவிற் கோதுமை வேர்நோயை ஆராய்ந்து, றொதம்ஸ்ரெட்டிலும் பின் கேம்பிரிட்சிலும் பணியாற்றிய இவர், மண்ணிற் கிடக்கும் மக்குப்பொருளை ஒரு பங்கசு போட்டியிட்டுக் கைப்பற்றும் திறனே அதன் வாழ்வை உறுதிசெய்கிறது என்றார். தமிழர் நினைவிற்கொள்ளவேண்டிய ஒருவரும் இவ்விடத்தே வருகிறார். சதாசிவன் றொதம்ஸ்ரெட்டில் ஆராய்ந்து, மண்ணிற் கோதுமை வைக்கோல் மக்கும்போது எவ்வெப் பங்கசுகள் முன்பின்னாக வந்து குடியேறுகின்றன என்பது பற்றி 1939 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுகூடத்தின் தலைவராகி, பருத்தியின் பியூசேரிய வாடல்நோயை மையமாகக்கொண்டு ஓர் ஆராய்ச்சி மரபையே அங்கு உருவாக்கினார். 1963 இல் பேர்க்கிலியிலே மண்வழிப் பயிர்நோய் பற்றிப் பேக்கரும் சினைடரும் கூட்டிய மாநாட்டின் நூல் 1965 இல் வெளிவந்தபோது அதில் கரெற், சதாசிவன் இருவர் கட்டுரைகளும் இடம்பெற்றன. அந்நூலின் உபதலைப்பு 'உயிரியற் கட்டுப்பாட்டிற்கு ஒரு முன்னுரை' என்பது. மறதிக்காலம் அதனோடு முடிவுற்றதெனலாம்.

பின் வந்த இருபதாண்டுகளில் ஆய்வுகூடத்திலிருந்து வயலுக்கு வந்தனர். 1972 இல் ஜோர்ஜியா மாநிலத்து வெல்ஸ் முதலியோர் புல்விதையில் வளர்த்த ரைக்கோடேர்மாவைத் தக்காளி வயலில் இட்டு ஸ்கிளரோசியத்தைக் கட்டுப்படுத்தினர். 1980 இல் இஸ்ரவேலிலே எலாட், செற், கற்றான் ஆகியோர் கோதுமைத் தவிட்டில் அதனை வளர்த்து அவரை, தக்காளி வயல்களில் இட்டனர். அவருட் கற்றான் கோடைவெயிலிலே ஈரமண்ணைப் பொலித்தீனால் மூடிச் சூடேற்றும் முறையைச் சில ஆண்டுகளுக்குமுன் வகுத்தவர். வெயிலாற் பகைவனை மெலிவித்தபின் ரைக்கோடேர்மாவை இடுதல் தனித்தனி செய்வதினும் நன்றென்பதும் அங்கே தெளிவாயிற்று. கொலராடோவில் ஒரே மண்ணில் வாரந்தோறும் முள்ளங்கியை விதைத்துப் பார்த்தனர். முதற் சில வாரம் ரைசொக்ரோனியா பெருகி நாற்றுக்களைக் கொன்றது. பின்னர் யாரும் எதுவும் இடாமலே நோய் தணிந்தது. மண்ணைச் சோதித்தபோது ரைக்கோடேர்மா பெருகியிருந்தது. பிரான்சின் சற்றோரெனார்ட் என்னும் ஊரிலோ முலாம்பழ வாடல் ஏனோ பரவுவதில்லை. அம்மண்ணைச் சூடேற்றினால் அக்காப்பு ஒழியும். சூடேற்றாத மண்ணைச் சிறிது கலந்தால் மீளும். ஹென்றியின் ஒரு பிடி மண் மீண்டும் தோன்றியவாறு காண்க. காத்தவற்றுட் சிறந்தது நோய் செய்யாத ஒரு பியூசேரியமே. பகைவனின் உடன்பிறப்பே வேரின் வாயிலிலும் மண்ணின் உணவிலும் அவனுக்கு இடமில்லாது செய்தது.

எந்த முறையாற் காக்கின்றன என்பதிலும் அறிவு வளர்ந்தது. 1980 இல் குளோப்பர் முதலியோர், வேரை அண்டி வாழும் சூடோமோனாசுப் பற்றீரியாக்கள் மண்ணின் இரும்பைத் தாமே வளைத்துக்கொண்டு பங்கசைப் பட்டினியிடுவதைக் காட்டினர். நஞ்சு, பட்டினி, இழைசுற்றல், பயிரின் சொந்த எதிர்ப்பை எழுப்புதல் என வழிகள் பல. இவற்றை ஈண்டு விரிக்கவில்லை.

அமெரிக்காவில் காய்கறி, பூஞ்செடி நாற்றுக்களின் அழுகலைத் தடுக்க 1990 இல் அரசாங்கப் பதிவுபெற்ற பங்கசு எது? கிளையோகிளேடியம் வைரென்ஸ், அதாவது வைன்ட்லிங் பெயர்மாற்றிக் கண்ட அதே இனம். ஐம்பத்தெட்டு ஆண்டு கழிந்திருந்தது. ஓசோன் படையைச் சிதைப்பதால் மீதைல் புரோமைட்டு 1992 இல் மொன்றியல் உடன்படிக்கையின் பட்டியலிற் சேர்க்கப்பட்டு, 2005 இல் வளர்ந்த நாடுகளிலும் 2015 இல் ஏனைய நாடுகளிலும், சில விலக்குகள் ஒழிய, மண்ணுக்கு இடுவது நிறுத்தப்பட்டது. கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெண்களிம்புக்கல் மாவிற் கலந்த ரைக்கோடேர்மாவையும் சூடோமோனாசையும் உருவாக்கிப் பரப்பியது. விதை ஒரு கிலோவுக்கு முன்னது 4 கிராம், பின்னது 10 கிராம். நிலத்துக்காயின் ஹெக்ரேயருக்கு 2.5 கிலோவை மக்கிய மாட்டெரு 50 கிலோவிற் கலந்து இடுக என்பது அதன் விதி. மாட்டெருவைச் சேர்க்கச் சொன்னது சடங்கன்று. குடியேறுபவனுக்கு வழியுணவு அது.

இங்ஙனம் நூற்றாண்டு முயன்று பெற்ற அறிவை ஒரு கட்டளையாற் பெறலாமென எண்ணிய காலமும் நம் நாட்டில் வந்தது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளையும் பீடைநாசினியும் இறக்குமதி செய்தல் திடீரெனத் தடைசெய்யப்பட்டது. நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. இரசாயனத்தை மிகையாக இடுவதாற் கேடுண்டென்பதை மறுப்பாரில்லை. எனினும் ஆண்டுக்கணக்கில் நஞ்சு வாங்கிய மண்ணிலே நஞ்சை நிறுத்திய மறுநாளே நண்பர்கள் வந்து அமர்ந்துவிடமாட்டார்கள். தடையை விதித்தவர்கள் முள்ளங்கியைத் தொடர்ந்து சில வாரம் விதைத்துப் பார்த்திருந்தால், இடையிலே நாற்று மாளும் வாரங்கள் உண்டென்பதை அறிந்திருப்பர். அவ்வாரங்களில் இழப்பைத் தாங்கியவன் கமக்காரன். மறுபுறம், பொட்டலத்தில் அடைத்த மாவை எல்லா நோய்க்கும் மருந்தென விற்போரையும் நம்புதற்கில்லை. இந்திய விதிப்படி அதில் கிராமொன்றுக்குக் குறைந்தது 20 இலட்சம் உயிருள்ள ரைக்கோடேர்மா இருத்தல்வேண்டும். கடைத்தட்டின் வெயிலில் மாதக்கணக்காக வெந்ததில் எத்தனை எஞ்சும்? நாற்று சரிந்தபின் அதனைக் கரைத்து ஊற்றுதலோ, வீடு கொள்ளைபோனபின் காவலாளியை நியமிப்பதாகும்.

நம் கல்லூரித் தோட்டங்களிலே ஹென்றியின் பரிசோதனையை மாணவர் செய்து பார்த்தல் எளிது. மண்ணை நீராவியில் ஒரு மணி நேரம் அவித்து ஆறவிட்டு நான்கு சட்டிகளில் நிரப்புக. மூன்றாஞ் சட்டியில் மட்டும் நன்கு மக்கிய எருமண் ஒரு கைப்பிடி கலந்து, நான்கையும் மூடி ஈரங் குறையாது இரு வாரம் நிழலில் வைக்க. பின்னர் முதற் சட்டி ஒழிந்த மூன்றிலும் நாற்றழுகிய மேடையின் மண் ஒரு கரண்டி இடுக. நான்காஞ் சட்டியில் அதே வேளையில் எருமண்ணும் ஒரு கைப்பிடி இடுக. நான்கிலும் இருபது முள்ளங்கி விதை இட்டு, பதினைந்து நாள்வரை நிற்பனவற்றை நாடோறும் எண்ணி எழுதுக. மூன்றாஞ் சட்டிக்கும் நான்காஞ் சட்டிக்கும் இடையே காணும் வேறுபாடே முந்தியதன் பயன். வேறுபாடு தோன்றாவிடினும் அதனை அவ்வாறே எழுதிவைக்க. முடிந்ததும் சட்டி மண்ணைக் கொதிநீரூற்றிக் கொன்றபின்னரே கொட்டவேண்டும். தோட்டத்தில் அப்படியே எறிதலாகாது.